இழை போட்டாச்சு, இனி என்ன கவலை?

வாழ்த்துகள். உங்கள் ஆலைக்கு எஃகு இழை வந்து இறங்கிவிட்டது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தீர்கள். விரல் கணு நீளத்தில், நரைத்த மீசையை வெட்டிப் போட்ட மாதிரி கொத்துக் கொத்தாய்க் கம்பித் துண்டுகள். இதைக் காஸ்டபிளில், அதாவது நெருப்பைத் தாங்கும் கான்கிரீட்டில், கலந்து வார்த்தால் உலையின் உட்சுவரான லைனிங் நெடுநாள் நிற்கும் என்று விற்றவர் சொன்னார். அவர் சொன்னது உண்மை. அந்த உண்மையைத் தோற்கடிப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்லித் தருவதுதான் என் வேலை. பயப்படாதீர்கள், புதிதாகக் கற்க அதிகம் இல்லை. பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் சேர்த்து முறையாகச் செய்வோம்.

பயிற்சிக்கு ஒரு லான்ஸை எடுத்துக்கொள்வோம். ஊதுலையிலிருந்து வரும் இரும்புக் குழம்பில் கந்தகம் இருக்கும். அதை நீக்க, லேடில் என்ற பெரிய கொப்பரையில் உள்ள குழம்புக்குள் ஒரு நீளக் குழாயை இறக்கி, நைட்ரஜன் வாயுவோடு கால்சியம் கார்பைடு, மக்னீசியம் போன்ற பொடிகளை ஊதுவார்கள். அந்தக் குழாய்தான் லான்ஸ். வெறும் எஃகுக் குழாயை இறக்கினால் கரைந்துபோகும் என்பதால் அதைச் சுற்றிக் காஸ்டபிளால் ஒரு சட்டை. ஷெட்டின் காற்றில் தொங்கிக்கொண்டிருந்த சட்டை திடீரென்று 1,300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் குழம்புக்குள் போகும். சில நிமிடம் கழித்து மறுபடி காற்றுக்கு வரும். இப்படி ஒரு நாளில் பல முறை. கொதிக்கும் எண்ணெயிலிருந்து எடுத்த கண்ணாடி டம்ளரைத் தண்ணீரில் போடுகிற விளையாட்டு இது. இழை ஏன் வேண்டும் என்பது புரிந்திருக்கும். இனி அதை வீணாக்குவோம்.

படி 1: இழை விரிசலைத் தடுக்கும் என்று நம்புங்கள்

அஸ்திவாரம் இதுதான், கோணலாகப் போடுங்கள். காஸ்டபிள் நம் நாட்டு ஓடு மாதிரி. அடுக்கி வைத்து ஏறி நின்றாலும் தாங்கும். கொஞ்சம் வளைத்தால் படக்கென்று முறியும். இழை போட்டாலும் விரிசல் வரத்தான் செய்யும். வந்த பிறகுதான் இழைக்கு வேலையே ஆரம்பம். விரிசலின் இரண்டு கரையையும் தையல் போட்டதுபோல் பிடித்துக்கொண்டு, துண்டு கழன்று விழாமல் பார்த்துக்கொள்ளும். களிமண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்துச் சுவர் எழுப்பிய பாட்டிக்கு இது தெரியும். அவள் வீட்டுச் சுவரில் வெடிப்பு இருந்தது, சுவரும் இருந்தது.

நீங்கள் பாட்டியைவிடப் படித்தவர். "இனி விரிசலே வராது சார்" என்று மேலதிகாரிக்கு எழுதியே கொடுத்துவிடுங்கள். மூன்றாவது ஹீட்டில் மயிரிழை விரிசல் கண்ணில் பட்டதும், "இழை வேலை செய்யவில்லை" என்று அறிக்கை எழுதி, ஒழுங்காக உழைத்துக்கொண்டிருக்கும் லான்ஸைக் கழற்றி எறியுங்கள்.

படி 2: விலைப்பட்டியலின் கடைசி வரியிலிருந்து வாங்குங்கள்

தொழிற்சாலைத் தரைக்குக் கான்கிரீட் போடும்போது கலப்பார்களே, முனையில் கொக்கி வளைத்த சாதா எஃகு இழை, அது இருப்பதிலேயே மலிவு. அதையே வாங்குங்கள். தரைக்கு ஆகும், லான்ஸுக்கு ஆகாதா? 600 டிகிரியைத் தாண்டியதும் அது மளமளவென்று ஆக்சைடாகும். இரும்பு ஆக்சைடானால் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் கேட்கும். காஸ்டபிளுக்குள் இடம் கொடுப்பார் யாரும் இல்லாததால் அதுவே உள்ளிருந்து நெம்பி இடம் பிடித்துக்கொள்ளும். விரிசலைத் தைக்க வந்தவன் விரிசல் போடுகிற அழகை வேறெங்கும் பார்க்க முடியாது.

ஸ்டெயின்லெஸ்தான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், எண்களைக் குழப்பிவிடுங்கள். 304 என்பது நம் வீட்டு நல்ல எவர்சில்வரின் ஜாதி, 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 430-இல் 17 சதவீதம் போல் குரோமியம், நிக்கல் கிடையாது, அதனால் விலை குறைவு. 310-இல் 25 சதவீதம் குரோமியம், 20 சதவீதம் நிக்கல். 446-இல் 25 சதவீதத்தை ஒட்டிக் குரோமியம், நிக்கல் இல்லை. குரோமியம் கூடக்கூட இழையின் மேல் படியும் காப்புப் படலம் அதிகச் சூட்டைத் தாங்கும். கந்தகப் புகை சுழலும் இடமென்றால் நிக்கல் ஒரு பலவீனம்: நிக்கலும் கந்தகமும் சேர்ந்த கலவை 650 டிகிரிக்கும் கீழேயே உருகிவிடும். அங்கே 430, 446 வகையறாதான் பத்திரம். இதையெல்லாம் பர்சேஸ் பிரிவுக்குச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். இன்டென்டில் "ஸ்டீல் ஃபைபர், நல்ல தரம்" என்று மட்டும் எழுதுங்கள். மீதியை டெண்டர் பார்த்துக்கொள்ளும்.

விவரத்தாளைப் படித்தே தீர வேண்டுமென்றால் பெரிய எண்ணை மட்டும் படியுங்கள். 304 தொடர்ந்து ஒரே சூட்டில் இருந்தால் சுமார் 925 டிகிரி வரை ஆக்சிஜனைச் சமாளிக்கும். சூடும் குளிரும் மாறிமாறி வந்தால் 870 டிகிரியோடு சரி, ஏனென்றால் ஒவ்வொரு முறை குளிரும்போதும் மேலே படிந்த பொருக்கு உதிர்ந்து புது எஃகு வெளியே வந்துவிடுகிறது. லான்ஸின் பிழைப்பே சூடும் குளிரும்தான். ஆனாலும் 925 பார்க்க நன்றாக இருக்கிறது, அதையே கோப்பில் எழுதுங்கள்.

படி 3: காந்தத்தால் சோதியுங்கள்

பாத்திரக் கடையில் மாமியார் காந்தத்தை வைத்துப் பார்த்து, "ஒட்டுது, இது ஒரிஜினல் எவர்சில்வர் இல்லை" என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். அதே அறிவோடு ஸ்டோருக்குப் போங்கள். 304-லும் 310-லும் காந்தம் ஒட்டாது. 430-உம் 446-உம் ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் பளிச்சென்று ஒட்டும். நீங்கள் கேட்டு வாங்கிய 446-ஐ "போலி" என்று திருப்பி அனுப்புங்கள். பதிலுக்கு ஒட்டாத 304 வரும். மனநிறைவோடு கையெழுத்துப் போடுங்கள்.

படி 4: வெப்பநிலை ஒன்றே ஒன்றுதான் என்று முடிவுகட்டுங்கள்

கூட்டத்தில் கேட்க ஒரு கேள்வி தருகிறேன், எல்லாரும் வாயடைத்துப் போவார்கள்: "எஃகை உருக்கும் உலைக்குள் எஃகு இழை எப்படி சார் நிற்கும்?" 304 சுமார் 1,400 டிகிரியில் உருக ஆரம்பிக்கும். லேடிலில் எஃகுக் குழம்பு 1,600 டிகிரி. கணக்கு முடிந்தது, இழை வேண்டாம்.

இதற்கு யாராவது பதில் சொல்ல வந்தால் பேச விடாதீர்கள். அவர் சொல்லப்போவது இதுதான்: லைனிங்கின் முகம் படும் சூடு வேறு, அதன் உடம்பு படும் சூடு வேறு. காஸ்டபிளில் சூடு ஊர்ந்துதான் உள்ளே போகும். முகத்தை ஒட்டிய இழைகள் எரிந்து போகும். அவற்றைக் கணக்கில் எழுதிவிட வேண்டியதுதான். உள்ளே போகப்போகச் சூடு குறையும். அங்கே உயிரோடிருக்கும் இழைகள் முகத்தில் விழுந்த விரிசலைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும்.

கேள்வி எடுபடாவிட்டால் எதிர்த்திசையில் போய்விடுங்கள். முன்னும் பின்னும் ஒரே சூடு தாக்கும் மெல்லிய பலகைக்கும், எல்லாப் பக்கமும் நெருப்பு சூழ்ந்த தூணுக்கும் அதே 304-ஐப் போடுங்கள். குளிர்ந்த பக்கம் என்று ஒன்று இல்லாத இடத்தில் இழைக்கு ஒதுங்க நிழலே கிடையாது. மொத்தமும் கருகும்.

படி 5: பளபளப்பாக, நேராக, நீளமாகப் பாருங்கள்

நல்ல இழை பார்க்க அசிங்கமாக இருக்கும். 1970-களில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள பட்டேல் ஆய்வு நிலையத்தில் ஒரு முறையை உருவாக்கினார்கள். விளிம்பில் பள்ளம் வெட்டிய சக்கரம் ஒன்று வேகமாகச் சுற்றிக்கொண்டே உருகிய எஃகின் மேற்பரப்பைத் தொடும். தொட்ட இடத்திலிருந்து எஃகை இழை இழையாக வீசியெறியும். அப்படிப் பிறந்த இழை பிறை வடிவ வெட்டுமுகத்தோடு, சொரசொரவென்று, கோணல்மாணலாக இருக்கும்.

அந்தக் கோணலில் ஒரு காரியம் இருக்கிறது. 304 சூட்டில் விரிவது அலுமினா காஸ்டபிள் விரிவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சூடாகிக் குளிர்ந்தால் இழை தன் குழிக்குள் லொடலொடவென்று ஆகிவிடும். அப்போது ஒட்டு எதுவும் மிஞ்சாது. உடம்பின் கோணல் ஒன்றுதான் அதை உருவவிடாமல் பிடிக்கும். ஆகவே வழவழப்பான நேர்க்கம்பியாகப் பார்த்து வாங்குங்கள். ஊசியிலிருந்து நூல் உருவுவதுபோல் வந்துவிடும்.

நீளத்திலும் தாராளம் காட்டுங்கள். 25 மில்லிமீட்டரும் 35 மில்லிமீட்டரும்தான் வழக்கம். லான்ஸின் சட்டை அவ்வளவு தடிமன் இல்லை, நடுவில் சட்டையைக் குழாயோடு பிடிக்கும் ஆங்கர்கள் வேறு நிற்கின்றன. 50 போடுங்கள். ஆங்கரில் மாட்டிக் குருவிக்கூடு கட்டும்.

படி 6: ஃபைபர் என்றால் எல்லாம் ஃபைபர்தான்

ஸ்டோரில் இரண்டு வகை மூட்டை இருக்கும். ஒன்று எஃகு இழை. இன்னொன்று பஞ்சு மாதிரி வெள்ளையாய்ப் பாலிபுரொப்பிலீன் இழை. முதலாவது உலையின் ஆயுளுக்கு. இரண்டாவது ஒரே ஒரு நாள் வேலைக்கு: லைனிங்கை முதன்முதலாகச் சூடாக்கும்போது 165 டிகிரி வாக்கில் உருகி, தான் இருந்த இடத்தை நீராவிக்கு வழியாக விட்டுவிட்டுப் போய்விடும். எடையில் அது சதவீதத்தின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டியிராது.

இரண்டில் ஒன்றைப் போட்டால் போதும் என்று மேஸ்திரியிடம் சொல்லுங்கள். "ஏற்கெனவே ஃபைபர் கலந்த மூட்டைதானே சார்" என்று அவரே உங்களுக்கு எடுத்துக் கொடுப்பார். தட்டிக் கொடுங்கள். இதன் பலன் பன்னிரண்டாம் படியில் சத்தத்தோடு தெரியும்.

படி 7: பிடி கணக்கில் போடுங்கள்

எடையில் 2 முதல் 4 சதவீதம் என்பது பொதுவான அளவு. 25 கிலோ மூட்டைக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ. இதற்குத் தராசு வேண்டும். தராசு ஸ்டோரில் இருக்கிறது, ஸ்டோர் சாவி வேறொருவரிடம் இருக்கிறது, அவர் சாப்பிடப் போயிருக்கிறார். கை இருக்க என்ன கவலை? ஒரு மூட்டைக்கு இரண்டு பிடி. காலை ஷிஃப்டில் பெரிய கை, இரவு ஷிஃப்டில் சின்னக் கை. ஒரே லான்ஸின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் வெவ்வேறு சாதியாக வளரட்டும்.

இல்லாவிட்டால் அள்ளிக் கொட்டுங்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது அமிர்தத்துக்குச் சொன்னது. கேட்டால் ஒரு பெயரை எடுத்து விடுங்கள்: டேவிட் லங்கார்ட். கொள்ளளவில் 5 முதல் 20 சதவீதம் வரை இழை சேர்க்கும் முறையை உருவாக்கிய அமெரிக்கர் அவர். அவர் முதலில் அச்சுக்குள் இழைகளை நிரப்பிவிட்டு, பிறகு நீர்த்த குழம்பை ஊற்றி இடுக்கெல்லாம் இறங்கவைத்தார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுங்கள். அளவு அவருடையது, முறை உங்களுடையது. கலவை மிக்ஸரிலேயே நின்றுபோகும்.

படி 8: பெட்டியோடு கவிழ்த்துவிடுங்கள்

மிக்ஸர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சல்லடை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும் என்று பையில் எழுதியிருக்கும். பை, படிப்பதற்கு இல்லை. பெட்டியைக் கவிழ்த்து ஒரே கொட்டாகக் கொட்டுங்கள். இழைகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து முள்ளம்பன்றி மாதிரி உருண்டையாகும். அந்த உருண்டைக்குள் காஸ்டபிள் போகாது. உருண்டைக்கு வெளியே இழை இருக்காது. உள்ளே ஓட்டை, வெளியே வெறுமை. ஒரே செய்கையில் இரண்டு குறை.

கையுறை கேட்கும் ஆளைக் கேலி செய்ய மறக்காதீர்கள். இழை குத்தும், மறுநாள் பாதிப் பேர் வேலைக்கு வரமாட்டார்கள், மிச்சப் பேர் இன்னும் வேகமாகக் கொட்டுவார்கள்.

படி 9: இன்னும் ஒரு மக் ஊற்றுங்கள்

இந்தக் கையேட்டில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற நேரம் இருக்கிறது என்றால் இதைப் பின்பற்றுங்கள். மற்றதெல்லாம் தானே நடக்கும்.

இழை சேர்ந்ததும் கலவை இறுகினாற்போல் தெரியும். குறைந்த சிமெண்ட் காஸ்டபிளுக்கு நீர் 5, 6 சதவீதம்தான். 25 கிலோ மூட்டைக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர். பார்க்க வறட்சியாக இருக்கும், ஆனால் வைப்ரேட்டர் பட்டதும் இளகி ஓடும். அதுவரை பொறுக்க நாம் என்ன முனிவர்களா? ஒரு மக் ஊற்றுங்கள். அந்த ஒரு மக்கில் நீரின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது என்று யாரும் கணக்குப் பார்க்கமாட்டார்கள். தேவைக்கு மேல் போன ஒவ்வொரு துளியும் பிறகு ஆவியாகி ஓர் ஓட்டையை விட்டுச் செல்லும். ஓட்டை கூடினால் வலு போகும், கசடு உள்ளே ஊறும். இழையும் பிடிமானமின்றி பஞ்சில் குத்திய ஊசியாய் நிற்கும்.

பதம் பார்க்க ஒரு பழைய வழி உண்டு: கலவையை உருண்டை பிடித்துச் சற்று மேலே தூக்கிப் போட்டு உள்ளங்கையில் பிடிப்பது. உடையாமல், விரலிடுக்கில் வழியாமல், கையோடு படிந்து நின்றால் பதம் சரி. அது கொழுக்கட்டைப் பதம். நமக்கு ரசப் பதம்தான் வேண்டும். ஊற்றினால் தானாக ஓட வேண்டும், ஷிஃப்ட் முடிய இன்னும் நாற்பது நிமிடம்தான் இருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றும் கேட்காதீர்கள். குடிக்கத் தகுந்த நீர் வேண்டும் என்பார்கள். உப்புக் கரிக்கும் போர்வெல் நீரும் தண்ணீர்தான். காலையில் சாதா சிமெண்ட் கலந்த மிக்ஸரைக் கழுவாமலே போடுங்கள். காஸ்டபிளில் இருப்பது கால்சியம் அலுமினேட் சிமெண்ட். சாதா சிமெண்ட் கொஞ்சம் பட்டாலே கண்டபடி விரைந்து இறுகிவிடும். இறுகினால் என்ன, இன்னொரு மக் இருக்கிறதே.

படி 10: வைப்ரேட்டரை மறந்துவிட்டு டீ குடிக்கப் போங்கள்

காற்றுக் குமிழி அடங்கி, மேலே மினுமினுப்புத் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். நிறுத்தாதீர்கள். ஆட்ட ஆட்டக் கனமான கல் கீழே இறங்கும், பசை மேலே ஏறும், இழைகள் எல்லாம் ஒரே பக்கமாய்ப் படுத்துத் தூங்கும். நாலா திசையிலும் கிடந்தால்தான் எந்தப் பக்கம் விரிசல் வந்தாலும் பிடிக்கும். படுத்துவிட்டால் அவற்றோடு ஒட்டியே ஓடும் விரிசலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்.

ஊசி வைப்ரேட்டர் என்றால் படாரென்று உருவுங்கள். அது இருந்த இடத்தில் இழையில்லாத ஒரு பசைத் தூண் நிற்கும். விரிசலுக்கு நீங்களே போட்டுக் கொடுத்த ராஜபாட்டை.

படி 11: ஆங்கரைப் பாதியாகக் குறையுங்கள்

இழை போட்டாச்சு, ஆங்கர் எதற்கு? குழாயில் வெல்டு பண்ணும் நேரமும் மிச்சம். காஸ்டபிளைக் குழாயோடு பிடித்து நிறுத்துவது ஆங்கர். காஸ்டபிளைக் காஸ்டபிளோடு பிடித்து நிறுத்துவது இழை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டால் சட்டை கிழியாமல், முழுசாக, அப்படியே கழன்று குழம்புக்குள் விழும்.

குழாய்க்கும் ஆங்கருக்கும் மேல் தார் பூசுவதையோ டேப் சுற்றுவதையோ விட்டுவிடுங்கள். அந்த மெல்லிய பூச்சு எரிந்துபோய் விடுகிற இடைவெளியில்தான் எஃகு விரிய இடம் கிடைக்கும். இடம் கொடுக்காவிட்டால் குழாய் உள்ளிருந்தே சட்டையைப் பிளந்துவிடும். வெளியே தெரிவது ஒரு நேர்க்கோட்டு விரிசல். அதற்கும் இழையையே குற்றம் சொல்லலாம்.

படி 12: அவசரக் கோலம் அள்ளித் தெளியுங்கள்

வார்த்த லான்ஸை ஒரு நாள் ஈரம் காயாமல் விட்டு, பிறகு மெல்ல மெல்லச் சூடேற்றி உலர்த்த வேண்டும். 110-லிருந்து 150 டிகிரிக்குள் நிறுத்தி வைத்து நீர் வெளியேறக் காத்திருக்க வேண்டும். அடுத்த கட்டத்திலும் அப்படியே. இதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆனால் பழைய லான்ஸ் நேற்றே போய்விட்டது, கிரேன் காத்திருக்கிறது, போனில் யாரோ கத்துகிறார்கள். பர்னரை முழுசாகத் திறந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டு பிரஷர் குக்கரில் ஆவியின் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஒரு பார் அளவுக்கு ஏறியதும் விசில் வந்துவிடும். காஸ்டபிளின் நுண்துளைகளுக்குள் அடைபட்ட நீர் 150 டிகிரியில் ஏறக்குறைய 5 பார் அழுத்தம் கொடுக்கும். 200 டிகிரியில் 15-க்கு மேல். 250 டிகிரியில் 40-ஐ நெருங்கும். குக்கருக்கு விசில் உண்டு. காஸ்டபிளுக்கு விசிலாக இருக்க வேண்டியது அந்த வெள்ளை இழை. அதை ஆறாம் படியிலேயே மிச்சம் பிடித்துவிட்டோம். ஒன்பதாம் படியில் ஊற்றிய அதிகப்படி மக்கும் உள்ளேதான் காத்திருக்கிறது. எல்லாப் படிகளும் இங்கே வந்து கைகுலுக்கிக்கொள்ளும்.

"எஃகு இழை இருக்கே, வெடிக்காது" என்று சொல்லிக்கொண்டே அடுப்பின் கதவருகே நில்லுங்கள். வேண்டாம், இந்த ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். எஃகு இழை ஆவிக்கு வழிவிடாது. வெடித்துக் கிளம்பும் காஸ்டபிள் துண்டு உங்கள் பதவியைப் பார்த்து விலகிப் போகாது.

படி 13: சார்ட்டை கேன்டீனில் வரையுங்கள்

உலர்த்திய விவரத்துக்கு ஒரு வரைபடம் கேட்பார்கள். தெர்மோகப்பிளை வைத்து மணிக்கு ஒரு தரம் குறிப்பது கிழவர்கள் வேலை. வேலை முடிந்த பிறகு அளவுகோலை வைத்து ஒரு சாய்கோடு, ஒரு படுகோடு, ஒரு சாய்கோடு. படிக்கட்டு மாதிரி அழகாக வரும். போன மாதச் சார்ட்டில் தேதியை மட்டும் மாற்றினாலும் பாதகமில்லை. கூடவே வார்த்த கலவையில் சோதனைக்கட்டி எடுக்காதீர்கள். கட்டி இருந்தால் உடைத்துப் பார்ப்பார்கள். உடைத்தால் உள்ளே முள்ளம்பன்றி தெரியும்.

படி 14: பிணத்தைப் பார்க்காமல் புதையுங்கள்

தேய்ந்து வந்த லான்ஸை உடனே குப்பைக்கு அனுப்பிவிடுங்கள். குறுக்கே அறுத்துப் பார்த்தால் அது பேச ஆரம்பித்துவிடும். வெளிப்புறத்தில் இழைகள் கறுத்து, தொட்டால் பொடியாகும். உள்ளே போகப்போகப் பளபளக்கும். கறுப்பு முடிந்து பளபளப்புத் தொடங்கும் எல்லைதான் சூடு எதுவரை போனது என்பதற்குச் சாட்சி. எல்லை மேலாக இருந்தால் இழையின் வகை சரி, கோளாறு வேறெங்கோ. எல்லை குழாய் வரை போயிருந்தால் உயர்ந்த வகைக்கு மாறலாம். ஒரு பக்கம் இழைக் காடும் இன்னொரு பக்கம் பொட்டலும் இருந்தால் மிக்ஸர்காரரைக் கூப்பிட்டுப் பேசலாம். இத்தனை தகவலும் இலவசமாகக் கிடைக்கும். ஆகவேதான் பார்க்கக் கூடாது.

படி 15: கூடம் கோணல் என்று சொல்லுங்கள்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளுக்கு எழுதத் தெரிந்திருந்தால் தரக்குறைவு அறிக்கை எழுதியிருப்பாள். நீங்கள் எழுதுங்கள்: "இழையின் தரம் போதவில்லை." அடுத்த முறை 304-க்குப் பதில் 310 வாங்கச் சொல்லுங்கள். நிக்கல் கூடிய இழை, விலையும் கூட. அதைப் பழையபடியே பிடி கணக்கில் அள்ளி, பழைய மக்கில் நீர் ஊற்றி, பழைய பர்னரில் காயவையுங்கள். லான்ஸ் பழையபடியே போகும். இந்தத் தடவை செலவு மட்டும் புதிது.

பதினைந்து படியும் ஏறி வந்துவிட்டீர்கள். திரும்பிப் பாருங்கள்: இழையைப் பற்றி இத்தனை பேசியும், லான்ஸைக் கொன்றது எந்த இடத்திலும் இழை இல்லை. மக், பிடி, பர்னர், வெட்டிக் குறைத்த ஆங்கர், கேன்டீனில் வரைந்த கோடு. இழை கட்டிக்காப்பது சூட்டில் பிளந்த காஸ்டபிளை. ஆள் செய்த அவசரத்தைக் கட்டிப்பிடிக்க 446-ஆலும் முடியாது. கழன்று விழும் அந்தச் சட்டைத் துண்டுக்குக் கீழே கொதிக்கும் இரும்பு இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் தள்ளி உங்கள் ஷிஃப்ட் ஆட்கள் நிற்கிறார்கள்.

அடுத்த லான்ஸ் வார்க்கும் நாளில் மிக்ஸருக்குப் பக்கத்தில் இரண்டு பொருளை வையுங்கள்: ஒரு தராசு, கோடு போட்ட ஓர் அளவுக் குவளை. ஒரு பெட்டி இழையின் விலையில் இரண்டையும் வாங்கிவிடலாம், காசும் மிஞ்சும். மக்கைக் குளியலறைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.